வார்ப்பிரும்புக் கோபுரத்தில் மூன்று தட்டு

கட்டடக்கலைப் படிப்பின் இறுதியாண்டுக் கட்டுரைக்காக வார்ப்பிரும்புக் கட்டடம் ஒன்றை நேரில் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் சென்ற சனிக்கிழமை கிளம்பினேன். மலேசியாவின் சுங்கைப் பட்டாணியிலிருந்து மேற்கே 28 கிலோமீட்டர். வாடகைக் கார், 45 ரிங்கிட். ஓட்டியவர் முனியாண்டி அண்ணன். வாரநாட்களில் அவருக்குக் குருண் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மதியம் 1.10க்குப் புறப்பட்டோம். 1.55க்கு ஆற்று முகத்துவாரம். சேறு. அதன் ஓரத்தில் விளக்கு அணைந்துபோன வெள்ளை வார்ப்பிரும்புக் கலங்கரை விளக்கம்.

சாவி, எதிர்ச் சாப்பாட்டுக் கடை கனி பாயிடம்.

"தம்பி, பூட்டுறதுக்கு முன்ன கதவுல மூணு தட்டு தட்டுவேன். உள்ள இருந்தா நீங்க ரெண்டு தட்டணும். கத்தாதீங்க, ஒண்ணும் விளங்காது."

"தட்டலன்னா?" என்றார் அண்ணன்.

"பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவேன்."

"நான் வரல லா. என் வெயிட்டுக்கு அது சாஞ்சிரும். எனக்கு மீ கோரெங் போதும்." அண்ணன் வறுத்த நூடுல்ஸுக்குக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பதில் தட்ட ஒரு ஸ்பானரை என்னிடம் கொடுத்தார் பாய்.

இத்தகைய கோபுரங்களின் தகடுகளை இங்கிலாந்து ஆலைகளில் வார்த்தார்கள். அங்கேயே ஒருமுறை முழுதாக நிறுத்திப் பார்த்து, எண்ணிட்டு, பிரித்துக் கப்பலேற்றினார்கள். இங்கே மறுபடி அடுக்கினார்கள். போல்ட்டுகள் எல்லாம் உட்புறம். ஆட்கள் உள்ளே நின்றுதான் முடுக்க முடியும். இடுக்குகளில் இரும்புத்தூளும் நவச்சாரமும் பிசைந்து திணித்தார்கள். அது துருவேறி இறுகும். துருதான் பசை. உள்ளே குரல் எதிரொலியில் கரைந்துவிடும். அதனால் வெளியே நின்றவர்களோடு தட்டித்தான் பேசினார்களாம். அந்த வழக்கத்தைத்தான் இன்றும் தொடர்வதாகப் பாய் சொன்னார்.

உள்ளே 68 இரும்புப் படிகள். ஒவ்வொன்றிலும் எண். 2.30க்குக் கடைசிப் படியில் நின்றேன். சுவர் கையைச் சுட்டது. பிறகு மேகம் கவிந்து, உள்ளே வெளிச்சம் போனது. குளிர்ந்த காற்று.

கீழிருந்து ஒரு தட்டு. இன்னொன்று. இன்னொன்று.

நான் இரண்டு தட்டிவிட்டு, பூட்டிவிடுவாரோ என்ற பயத்தில் ஓடி இறங்கினேன். கதவு திறந்தே கிடந்தது. யாருமில்லை. கடைக்குப் போனேன். பாய் தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள கூப்பிட்டுட்டீங்களே, பாய்?"

"நான் தட்டலையே, தம்பி."

அண்ணனைப் பார்த்தேன்.

"என்ன ஏன் பாக்குறீங்க? நான் ரெண்டாவது பிளேட்ல இருக்கேன்."

அப்போது கோபுரத்துக்குள் ஏதோ விழுந்தது. மூவரும் ஓடினோம். தரையில் ஓர் இரும்புப் படி, இரண்டாகப் பிளந்து கிடந்தது. எண் 68.

வெயிலில் காய்ந்த இரும்பு, குளிர்ந்த காற்று பட்டால் சுருங்கும், சுருங்கும்போது சத்தமிடும். என் கட்டுரையில் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: இனி உள்ளே அனுமதி இல்லை. பாயிடம் கெஞ்ச வேண்டாம். காலையில் போனால் வெளியிலிருந்து நல்ல படம் எடுக்கலாம். திரும்பி வர வண்டி கிடைக்காது. போன காரையே நிறுத்திவையுங்கள். மீ கோரெங் 6 ரிங்கிட்.

3.05க்குப் பாய் கதவைச் சாத்தினார். பழக்கத்தில், நான் திருப்பிக் கொடுத்த ஸ்பானரை ஓங்கினார். கை அப்படியே நின்றது.

"தட்டுங்க பாய்," என்றார் அண்ணன். "நாமதான் மூணு பேரும் வெளிய நிக்கிறோமே."

"அதான் யோசிக்கிறேன். ரெண்டு தட்டு வந்துச்சுன்னா, நான் எப்படிப் பூட்டுறது?"

தட்டாமலே பூட்டினார்.