மூக்கில் பெய்த மழை

வேலம்பாளையம் சிக்னலில் காரை நிறுத்தியவன் அப்படியே தூங்கிப்போனேன். சிவப்பு விளக்கில் தூங்குவது சட்டப்படி குற்றமல்ல. பச்சை விழுந்தும் தொடர்ந்ததுதான் தப்பாகிவிட்டது. பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏனுங்க, ஊட்டுல போய்ப் படுத்துக்கலாமுங்களே." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீடு சேர்ந்ததும் பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

பரிசோதனையில், தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்றார்கள். குழாய் வழியாக மூக்கு மாஸ்க்குக்குள் இரவெல்லாம் காற்றை அழுத்தி ஊதும் சிபேப் மெஷின் ஒன்றைத் தலையில் கட்டினார்கள். "ஒழுங்கா இதப் போட்டுத் தூங்குங்க. அப்புறம் சாவியப் பத்திப் பேசலாமுங்க" என்றாள் மனைவி. அதுவரை பனியன் கம்பெனிக்கு அவள் ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் போக்குவரத்து. குவாலிட்டி மேனேஜரான நான் பின்னால் உட்கார்ந்திருக்க, வாட்ச்மேன் அவளுக்குச் சல்யூட் அடித்தார். வெள்ளகோவிலில் மச்சான் மகள் கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கேயும் ஸ்கூட்டரில் பின்னால் போய் இறங்கினால், தாலி கட்டுவதைவிட என்னைத்தான் கூட்டம் வேடிக்கை பார்க்கும்.

முதல் வாரம் மூக்கு கருவாடாகக் காய்ந்தது. மெஷினோடு ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஊதும் காற்றை அது ஈரமாக்கும். ஈரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். துணி பின்னும் நிட்டிங் ஷெட்டில் காற்று காய்ந்தால் பருத்தி நூல் அறும், துணியில் ஓட்டை விழும். அங்கே ஈரம் எவ்வளவு இருந்தாலும் நல்லது. பாதி ஆயுளை அந்த ஷெட்டில் கழித்தவன், மூக்கையும் நூலாகவே எண்ணி, ஈரத்தைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினேன். மாஸ்க்குக்குள் புழுங்குகிறதே என்று ஏசியையும் முழுக்குளிரில் வைத்தேன்.

விடியும் முன் மூக்குக்குள் தண்ணீர் கொட்டியது. கட்டிலில் படுத்தபடியே மூழ்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"என்னங்க, கெணத்துக்குள்ள உளுந்த மாதிரி கத்தறீங்க?" என்றாள் மனைவி.

காலையில் மெஷின் விற்றவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "சூடான ஈரக்காத்து சார். கொழா குளுந்திருந்தா தண்ணியாயிருமுங்க. ஈரத்தக் கொறைங்க, ஏசியக் கொறைங்க, மெஷினத் தலைக்குக் கீழ எறக்கி வைங்க. கொழாய்க்குத் துணி ஒற ஒண்ணு இருக்குதுங்க, வெளிநாட்டுலருந்து வரவெச்சுத் தர்றேன்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு குழாய்க்குச் சட்டை வேண்டுமென்று வெளிநாட்டுக்கு ஆர்டர் போடுவதா? அந்த உறையே பக்கத்து முதலிபாளையத்தில் தைத்துக் கப்பலேறியதாக இருக்கும்.

குழாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கள் சேம்பிள் செக்ஷனுக்குப் போனேன். அங்கே தைக்கிற அம்மணி அதை நீட்டி அளந்தார்.

"எந்த நாட்டுப் பையருக்குங்க சார் இது?"

"எனக்குத்தானுங்க."

என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்குக் கழுத்து எந்தப் பக்கமுங்க?"

தெரியாது என்றேன். மாலையில் உறை வந்தது. அருமையான ஃப்ளீஸ் துணி, ஒரு தையல் பிசகில்லை. கழுத்து எதுவென்று தெரியாததால் இரண்டு முனையிலும் லேபிள் வைத்துத் தைத்திருந்தார்கள். ஒரு லேபிள் இரவெல்லாம் என் கன்னத்தை அறுத்தது. ஈரத்தை மட்டும் நான் குறைக்கவில்லை. மெஷின் விற்கிற ஆள் சொல்லி நான் ஈரத்தைக் குறைப்பதா? தண்ணீர் மறுபடி வந்தது, இம்முறை கொஞ்சம் வெதுவெதுப்பாக.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மனைவி ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட்டாள். "வெள்ளகோவில் வரைக்கும் போகோணுமல்ல" என்றாள், சாதாரணமாக.

அன்றே லேபிள்களை வெட்டினேன். மெஷினை முக்காலியில் கட்டிலைவிடத் தாழ இறக்கினேன். ஏசிக் குளிரைக் குறைத்து, ஈரத்தைப் பாதிக்கு இறக்கினேன். அந்த ஆள் சொன்னதெல்லாம் சரி என்பதைப் போல எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை. மூக்கு காயவில்லை, நனையவுமில்லை. கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் வந்திருந்தது. மாஸ்க் முகத்திலேயே இருந்தது. கல்யாணம் வரை எல்லா நாளும் அப்படியே விடிந்தது.

கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் காரில் ஏறி இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். "நீங்க ஓட்டுங்க. இத்தன வருசம் உங்க கொறட்டையில நா எங்கீங்க தூங்குனேன்?"

ஊரைத் தாண்டுவதற்குள் வாய் திறந்து தூங்கிவிட்டாள். நான் மெதுவாகவே ஓட்டினேன். பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. ஒரு மனுஷியை நிம்மதியாகத் தூங்க விடுகிறார்களா இந்த ரோட்டில்? அவள் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஓரமாக ஒதுங்கி, பஸ்காரனைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.