மடிப்புக் கணக்கு

என் நாத்தனாரைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஒருமுறை தையல் மிஷின் ஊசி அவள் விரலில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்துவிட்டது. அலறியது நான். அவளோ, "கத்தாதீங்க அண்ணி, துணி குடுக்க வந்தவங்க பயந்துடப் போறாங்க" என்று சொல்லிவிட்டு, குறடை எடுத்துத் தானே பிடுங்கிப் போட்டாள். அன்று சாயங்காலம் பாக்கி இருந்த சட்டையையும் தைத்து முடித்தாள். அப்படிப்பட்டவள் பயப்படுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடம்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர் என்று சிலரைக் கேலி பேசுவோமே, இவள் விஷயத்தில் அது அட்சரம் பிசகாத உண்மை. நாங்கள் நூல் வாங்கப் போகும் வழியில் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் கேட் கண்ணில் படுவதற்கு முன்பே இவள் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவாள். மழை கொட்டுகிறது, இந்தப் பக்கம் ஒதுங்க இடமிருக்கிறது என்றாலும், நனைந்துகொண்டே எதிர்ப்பக்கம்தான். மணிச் சத்தம் கேட்டால் மிஷினில் இருக்கும் கால் தானாக நின்றுவிடும்.

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அவள் படித்த காலத்தில் வாத்தியார் என்றால் பிரம்பு, பிரம்பு என்றால் வாத்தியார். பிறவியிலேயே எழுத்துகள் அவளுக்கு வசப்படவில்லை. வாசிக்கச் சொன்னால் திக்குவாள், திக்கினால் அடி விழும், அடி விழுந்தால் தெரிந்ததும் மறந்துபோகும். ஐந்தாம் வகுப்போடு ஓடி வந்தவள் ஒரு தையல் மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இன்றைக்கு அந்த மிஷின்தான் எனக்கும் சோறு போடுகிறது. அவள் வெட்டித் தைக்க, நான் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் கட்டுகிறேன்.

அவளுக்கு ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. பிறந்தபோது உள்ளங்கையளவு இருந்ததால் நான்தான் பட்டன் என்று கூப்பிட்டேன், அதுவே பள்ளிக்கூடம் வரை நிலைத்துவிட்டது. அப்பா லாரி ஓட்டுபவர், வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பது அதிகம். ஆகவே பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் போவது நான்தான். "வீட்டிலயும் கொஞ்சம் பாடம் சொல்லிக்குடுங்க" என்பார்கள். வந்து சொன்னால் இவள் கையெடுத்துக் கும்பிடுவாள்.

"நான் தொட்டா உருப்படுமா அண்ணி? எனக்குத் தெரியாததை எல்லாம் அவளுக்கும் கத்துக்குடுத்துடுவேன்."

தன் தலையெழுத்து மகளுக்கும் ஒட்டிக்கொண்டுவிடும் என்ற பயம். அதனால் பட்டனின் பையைக்கூட அவள் திறந்து பார்த்ததில்லை. காலையில் மட்டும் வாசலில் குனிந்து, மகள் காதில் ஏதோ சொல்லி அனுப்புவாள். தாயின் வாழ்த்து, நமக்கென்ன என்று நானும் கேட்டுக்கொண்டதில்லை. சாயங்காலமானால் பட்டன் வெட்டுகிற மேஜை பக்கத்தில் நின்று டேப் பிடிப்பாள். சட்டைக் கை வெட்டும்போது அளவு சொல்வது அவள் வேலை. அதில் மகாராணி.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் பட்டன் பள்ளியிலிருந்து வந்து, பையைக் கழற்றாமலே மேஜை ஓரம் நின்றாள்.

"அம்மா, டீச்சர் நாளைக்கு வரச் சொன்னாங்க. அத்தைய இல்ல. உன்னத்தான்."

"எதுக்கு?"

"அளவுக் கணக்கு தப்பாம்."

"எது தப்பு?"

"எல்லாமே."

கத்தரி நேராகத் துணிக்குள் போய்விட்டது. ஒருவர் ஆசையாக எடுத்துக் கொடுத்த கவுன் துணி, குறுக்கே ஒரு சாண் கிழிந்தது. நான் பார்த்து அவள் துணியைப் பாழாக்கியது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தைத்த துணியை வாங்க வந்தாள் மளிகைக்கடைக்காரி. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற அவளைவிட ஆள் கிடையாது. "கணக்கு வரலைன்னா கீழ் வகுப்புக்கே திருப்பி அனுப்புறாங்களாம். எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைய அப்படித்தான் அனுப்பினாங்க. அதுக்கப்புறம் அது படிக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு, சாவகாசமாகத் துணியைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அவள் நாக்கில் நான்கு காஜா போட வேண்டும் போலிருந்தது எனக்கு.

"அண்ணி, நீங்களே போயிட்டு வாங்க. நான்தான் அம்மான்னு சொல்லிடுங்க."

"ஏண்டி, போன கூட்டத்துலதான் அத்தைன்னு சொல்லிட்டு வந்தேன். நடுவுல இவளப் பெத்துட்டேன்னு சொல்லவா?"

அவள் சிரிக்கவில்லை. அன்று அவளும் சாப்பிடவில்லை, பட்டனும் சாப்பிடவில்லை. அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு பட்டன் கேட்டாள்: "அம்மா, உன்னையும் அடிப்பாங்களா?"

அந்த 'உன்னையும்' எனக்கு உறைத்தது. அப்படியானால் பிள்ளையை அங்கே அடிக்கிறார்களா? நாத்தனார் முகத்தைப் பார்த்தேன். ஓடுவதற்கு வழி தேடுகிற முகம். "மாட்டாங்க, தூங்கு" என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் வழிநெடுக அவள் கையை நான் பிடித்திருந்தேன். கேட் வந்ததும் எதிர்ப்பக்கம் இழுத்தாள், நான் விடவில்லை. கழுத்தில் டேப் தொங்கியது, கழற்ற மறந்து அப்படியே வந்திருக்கிறாள். வகுப்பறையில் குட்டி நாற்காலிகள், சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த படங்கள். மற்றப் பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள், பட்டன் மட்டும் டீச்சர் பக்கத்தில் நின்றாள். டீச்சர் இளவயதுப் பெண். பிரம்பைத் தேடினேன், எங்கும் காணோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், நாத்தனாரின் கண்ணோ மூலையில் சாய்த்திருந்த விளக்குமாற்றுக் குச்சியிலேயே நின்றது.

டீச்சர் எங்களை உட்காரச் சொன்னார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். "பட்டன், இதச் சுத்தி எவ்வளவு இருக்குன்னு அளந்து சொல்லு."

பட்டன் அம்மாவின் கழுத்திலிருந்தே டேப்பை உருவிப் பாட்டிலைச் சுற்றினாள். அழகாகச் சுற்றினாள், துளி இடைவெளி இல்லை. "ஆறு" என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். டேப்பில் பன்னிரண்டு.

"சரியா பாரும்மா. தப்பா இருக்கே" என்றார் டீச்சர், அதட்டாமல்.

அவ்வளவுதான். பட்டன் கண்களை இறுக மூடிக்கொண்டாள். வலது கை முன்னால் வந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் விறைத்தபடி நீட்டிக்கொண்டு நின்றாள்.

டீச்சர் எங்களைப் பார்த்தார். "இதுக்குத்தான் கூப்பிட்டேன். கணக்கு கிடக்கட்டும். நான் ஒரு பிள்ளையையும் அடிச்சதில்ல. தப்புன்னு சொன்னா போதும், இவ கைய நீட்டிடறா. அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டா. வீட்ல யாரு இவள அடிக்கிறது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வீட்டில் அவள் மேல் ஒரு துரும்பு பட்டதில்லை. நான் பொரிந்து தள்ள வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் எழுந்து நின்றாள். முந்தானை முனையை முறுக்கிக்கொண்டே, பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி சொன்னாள்.

"நான்தான் டீச்சர். அடிச்சதில்ல. சொல்லி அனுப்புவேன். தப்பா சொல்லிட்டா உடனே கைய நீட்டிடு, பின்னால ஒளிச்சா இன்னும் ரெண்டு கூட விழும்னு. தினமும் சொல்லித்தான் அனுப்புவேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

காதில் சொன்ன வாழ்த்து அதுதான். அவளை ஓங்கி ஒரு அறை அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று எனக்குத் தெரியவில்லை. பட்டன் இன்னும் கையை மடக்கவில்லை.

டீச்சர் அந்தக் கையை மெல்ல இறக்கிவிட்டார். "தப்பா சொன்னாத்தாங்க எங்க புரியலன்னு எனக்குத் தெரியும். நீங்க பாடம் சொல்லிக்குடுக்க வேணாம். எப்படிப் போட்டேன்னு மட்டும் கேளுங்க. இப்பவே கேளுங்களேன்."

நாத்தனார் மகள் பக்கம் திரும்பினாள். "பட்டன்... ஆறு எப்படிம்மா வந்துச்சு?"

பட்டன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "மடிச்சுட்டேன்."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவருக்கும் சட்டென்று புரிந்தது. சட்டைக் கை வெட்டும்போது துணியை இரண்டாக மடித்துப் போடுவோம். கையின் சுற்றளவு பன்னிரண்டு என்றால் மடிப்பின் மேல் ஆறு வைத்துத்தான் வெட்ட வேண்டும், பிரித்தால் பன்னிரண்டாகிவிடும். டேப்பைப் பார்த்ததும் பாதியாக்கிச் சொல்லிப் பழகிய பிள்ளை, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு, கரும்பலகை, பாட்டில் எல்லாவற்றையும் மனதுக்குள் மடித்துவிட்டிருக்கிறது. நாத்தனார் திக்கித் திணறி இதை விளக்க, டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பாட்டில மடிக்க முடியாதே பட்டன்! இங்க மடிக்காம சொல்லு." கீழ் வகுப்பா என்று நான் கேட்டதற்கு, யார் சொன்னது என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாத்தனாருக்கு வந்ததா என்று சொல்ல முடியாது. திரும்பும்போதும் அவள் எதிர்ப்பக்கமாகத்தான் நடந்தாள்.

அடுத்த நாள் காலை வாசலில் பழக்கதோஷத்தில் மகள் காதுக்குக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். சொல்வதற்கு வேறு வாக்கியம் வாயில் இல்லை. காத்திருந்து பார்த்த பட்டன் தானே சொன்னாள்: "கைய நீட்டிடணும். தெரியும்மா."

நாத்தனார் அந்தக் கையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேணாம். எப்படிப் போட்டேன்னு சொல்லு."

"சொன்னா அடிக்க மாட்டாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கே அது உறுதியில்லை, எனக்குத் தெரியும். "மாட்டாங்க" என்றாள்.

அன்று அவளே கூட்டிக்கொண்டு போனாள், நானும் பின்னாலேயே போனேன். கேட் வந்தது, அவள் எதிர்ப்பக்கம் போகவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் எங்களைத் தாண்டி ஓடினார்கள். இவள் மட்டும் அசையாமல் கேட்டுக்கு முன்னால் நின்றாள்.

"அம்மா, மணி அடிச்சாச்சு" என்றாள் பட்டன். "கைய விடும்மா."