நான்கு அண்டா பிரியாணியும் ஒரு மலைப் பயணமும்

இன்று காலை பத்து மணிக்குக் கொடைக்கானலுக்குக் கிளம்பியவள், பகல் பன்னிரண்டரைக்கு சித்தையன்கோட்டை கல்யாண வீட்டில் நின்றேன்.

அதுவும் பிரியாணி வண்டியின் டிரைவராக.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மார்த்தா போலந்துக்காரி, லின் வியட்நாம்காரி. ஜெர்மனியில் என்னோடு ஒரே வகுப்பு, ஒரே வீடு. அங்கே லீவு விட்டால் மூவரும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவோம். ஓட்டுவது எப்போதும் நான்தான். இந்த செமஸ்டர் லீவுக்கு இருவரும் என்னோடு திண்டுக்கல் வந்துவிட்டார்கள்.

இங்கே சாவியைக் கேட்டால் அத்தா தரவில்லை. (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.)

"அந்த ஊரு ரோடு வேற, நம்ம ரோடு வேற. யாருமே ஹாரன் அடிக்காத ஊர்ல ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டாம்மா?"

அம்மாதான் உள்ளே புகுந்தார். "அம்புட்டுத் தூரம் தனியாப் போயிப் படிக்கிறா. கொடைக்கானல் போக மாட்டாளா? குடுங்க."

பெரியத்தாவின் பழைய ஏழு சீட் கார் கிடைத்தது. ஊருக்கு ஊர் போன் பண்ண வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அத்தாவுக்குத் தொழில் கல்யாணங்களுக்கு பிரியாணி செய்து கொடுப்பது. இன்று சித்தையன்கோட்டையில் ஒரு நிக்காஹ். மண்டபத்தில் அடுப்பு போட இடமில்லை என்று இங்கேயே சமைத்து, மூடி தம் போட்டபடியே அண்டாக்களை ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்பே போய்விட்டார்.

செம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய வண்டி ரோட்டோரமாகச் சாய்ந்து நின்றது.

காரை ஓரம் கட்டினேன். அத்தா என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"நீ எதுக்கும்மா நின்ன? போ போ, வெயிலுக்கு முன்னாடி மலை ஏறணும்ல."

"என்னாச்சு அத்தா?"

"ஒண்ணுமில்ல. ஆக்சில் போச்சு. வேற வண்டி வருது."

பின்னால் நின்ற கனி பாய்க்குப் பொய் வராது. இருபது வருடமாக அத்தாவிடம் சமைப்பவர். "எங்க வருது? மூணு பேருக்குப் போன் போட்டாச்சு. முகூர்த்த நாளு, ஒரு வண்டி கெடையாது. பன்னண்டரைக்கு மொதப் பந்தி."

அத்தா கனி பாயை முறைத்தார். அந்த முறைப்பிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் பயணம் கெடக்கூடாது என்றுதான் எனக்கு போன் பண்ணாமல் இருந்திருக்கிறார்.

நான் மார்த்தாவிடம் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே அவள் இறங்கிப் போய்க் காரின் கடைசி சீட்டை மடக்கிக்கொண்டிருந்தாள்.

அண்டா மொத்தம் நான்கு. ஒரு நடைக்கு இரண்டுதான் நிற்கும். இரண்டு நடை அடிக்க வேண்டும்.

அத்தா காரைப் பார்த்தார். அப்புறம் என்னை. "ஒன்னால முடியுமாம்மா?"

"முடியும் அத்தா."

மறுபடி கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் சம்பங்கி பறித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். நாலு பேர் பூக்கூடையை வரப்பில் வைத்துவிட்டு ஓடிவந்து கை கொடுத்தார்கள். ஈரச் சாக்கைச் சுற்றி அண்டாக்களை ஏற்றியாயிற்று. மற்ற இரண்டுக்கும் காவலாக அத்தா அங்கேயே நின்றுகொண்டார். மார்த்தாவும் லின்னும் நடு சீட்டில் பின்பக்கம் திரும்பி முட்டி போட்டு ஆளுக்கொரு அண்டாவைப் பிடித்துக்கொள்ள, கனி பாய் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாஞ்சா தம்மு ஒடஞ்சிரும். பையப் போகணும் தாயி."

லின்னுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. வழியெல்லாம் "பைய, பைய" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். (அவள் பேசிய முதல் தமிழ்.)

சித்தையன்கோட்டைக்குத் திரும்பியதும் ஒரு குறுகலான வாய்க்கால் பாலம். பாதிப் பாலத்தில் எதிரே தேங்காய் ஏற்றிய டிராக்டர்.

டிராக்டர்காரர் தலையை நீட்டினார். "ட்ரெய்லரு பின்னாடி போகாதும்மா. நீதான் எடுக்கணும்."

ஹாரன் அடிக்க இரண்டு பைக்குகள் வேறு பின்னால். கண்ணாடியில் ரோடு தெரியவில்லை, அண்டாதான் தெரிந்தது. மார்த்தா ஒரு கையை அண்டாவிலிருந்து எடுக்காமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து வழி சொன்னாள். கிளட்சை விட்டு விட்டுப் பிடித்து, இஞ்ச் இஞ்சாகப் பின்னால் எடுத்தேன். கனி பாய் கண்ணை மூடி ஏதோ ஓத ஆரம்பித்துவிட்டார். பாலத்தை விட்டு இறங்கி ஒதுங்கி நின்றதும் டிராக்டர்காரர் எங்களைக் கடக்கும்போது சொன்னார்:

"பரவால்லயே. நானா இருந்தா வாய்க்கால்ல எறக்கிருப்பேன்."

இரண்டாவது நடையில் அத்தாவும் கூட வந்தார். வழியெல்லாம் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

பன்னிரண்டு இருபதுக்குக் கடைசி அண்டா இறங்கியது. கனி பாய் மூடியைத் திறந்து, ஒரு கரண்டி விட்டுப் பார்த்து, அத்தாவைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு பருக்கைகூட குழையவில்லை.

பெண் வீட்டுக்காரர் வந்து கேட்டார். "பாய், ஒங்க ட்ரைவரு சாப்ட்டாரா?"

"ட்ரைவரு இல்லங்க, எம் மக. ஜெர்மனில இன்ஜினியரிங் படிக்கிது. கூட வந்திருக்கது அவ சேக்காளிங்க. புள்ளைங்க மூணும்தான் கொண்டாந்து சேத்துச்சுங்க."

இதை அவர் நான்கு பேரிடம் சொன்னதை நானே கேட்டேன். (அதில் மூன்று பேர் எதுவும் கேட்கவே இல்லை.)

நாங்கள் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தோம். அத்தாவே வந்து பரிமாறினார். லின் மூன்று தடவை வாங்கினாள். மார்த்தா பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் தால்ச்சாவைக் குடித்தே முடித்துவிட்டாள்.

இனி மலை ஏற நேரமில்லை. அண்டாக்களையும் நின்றுபோன வண்டியையும் கனி பாய் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, அத்தாவோடு வீட்டுக்குத் திரும்பினோம். அத்தா முன் சீட்டில் உட்கார்ந்து, மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தபடி "இங்கன மேடு", "லாரி வருது பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

செம்பட்டி தாண்டியதும் சத்தத்தையே காணோம்.

திரும்பிப் பார்த்தால், தூங்கிக்கொண்டிருந்தார். விடியற்காலையிலிருந்து அடுப்பில் நின்ற மனுஷன். சட்டையெல்லாம் கரி. வாய் லேசாகத் திறந்திருந்தது. லின் எட்டிப் பார்த்துவிட்டு, கையை நீட்டி, காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டைச் சத்தமில்லாமல் அணைத்தாள்.

ஊருக்குள் வந்து, நெரிசலில் புகுந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்தும் வரை அவர் கண் விழிக்கவில்லை.

எஞ்சினை அணைக்க மனசு வரவில்லை. அணைத்தால் எழுந்துகொள்வார். ஓடட்டும் என்று மூவரும் அப்படியே செத்த நேரம் உட்கார்ந்திருந்தோம்.