சாப்பாட்டு மேசையில் ஏரி

மனைவி யோகராணி சோற்றுக் கோப்பைகளை எடுத்து முடிப்பதற்குள் நகுலேஸ்வரன் வரைபடத்தை விரித்துவிட்டார். வடக்குக் கியூபெக்கின் ஏரிகள் மேசையின் நான்கு விளிம்பையும் தாண்டித் தொங்குகின்றன. ஒரு மூலைக்கு ஊறுகாய்ப் போத்தல், இன்னொரு மூலைக்கு உப்புச் சாடி, மற்ற இரண்டுக்கும் அவருடைய முழங்கைகள். தை மாதத்து முதல் ஞாயிறில் தொடங்கினால் ஆவணி வரைக்கும் இதுதான். அதுவரை யோகராணி குசினியில் நின்றபடி சாப்பிடுவார், விருந்தாளி வந்தால் கோப்பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

“இதில இறங்கிறம். இந்த ஏரி முடிய வள்ளத்தைத் தலையில தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடை. பிரெஞ்சில அதுக்குப் போர்த்தாஜ் எண்டு சொல்லுறது. பேந்து அடுத்த ஏரி. அங்க மனிசர் இல்லை, மீன்தான்.” விரல் ஏரி ஏரியாகத் தாவுகிறது. இந்த மூன்று வருடத்தில் அந்த விரல் கடந்த தூரத்தை வேறு எந்த உறுப்பும் கடந்ததில்லை.

வயது ஐம்பத்தொன்பது. டோர்வல் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக விமானத்தின் வயிற்றில் பெட்டி ஏற்றுகிறார், இறக்குகிறார். உலகத்துச் சனத்தின் பெட்டிகளையெல்லாம் ஊர் ஊராக அனுப்பிவைத்தவர், கனடாவுக்கு வந்த பிறகு தன் பெட்டியை ரொறன்ரோவுக்கு அப்பால் கொண்டுபோனதில்லை. வேலை முடிந்து பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டின் வெளிப்படி ஏறி வந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டுப் பதினான்கு பை வைத்த மீன்பிடி மேலங்கி ஒன்றை மாட்டிக்கொள்வார். அதில் ஒரு பைக்குள் திசைகாட்டி. பார்க் மெட்ரோ நிலையம் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டால், தினமும் போய்வருகிற அந்த வழிக்கும் அதை எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் கை காட்டுவார்.

வள்ளமும் இருக்கிறது. சிவப்பு பிளாஸ்டிக் கனூ. பக்கத்து வில்லரேயில் யாரோ வீடு மாறும்போது விட்டுப்போனதை வாங்கிவந்து பின்பக்கத்து பல்கனியில் கவிழ்த்து வைத்தார். வெயில் காலத்தில் யோகராணி அதன் முதுகில் மோர்மிளகாய் காயப்போடுவார். அந்த வள்ளம் நகுலேஸ்வரனின் வீட்டில் கண்ட ஈரம் மோர் மட்டும்தான். சாப்பாட்டைக் கரடி மோப்பம் பிடிக்காமல் அடைத்து வைக்க வாங்கிய நீலப் பீப்பாவில் சிவப்பரிசி இருக்கிறது. கரடி விஷயத்தில் அவர் பெரிய பண்டிதர். “கரடி வந்தா ஓடக்கூடாது. நேர நிண்டு குரல் குடுக்கவேணும்.” கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவியின் நாய் குரைத்தால் பின்சந்தால் சுற்றிக்கொண்டு போகிற மனிதர் சொல்கிற புத்திமதி இது.

நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவருடைய பேச்சை நிறுத்த அதைத் தவிர வேறு வழியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. தண்ணீர்ப் பயம் ஏன் என்று யாராவது கேட்டுவிட்டால் யன்னல் பக்கம் பார்த்து, “கிளாலி” என்று ஒரு சொல் மட்டும் சொல்லுவார். சண்டைக் காலத்தில் சனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் கடந்த நீரேரி அது. கேட்டவர்களில் சிலர் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள். நகுலேஸ்வரன் கிளாலியைக் கண்டதே இல்லை. அந்தப் படகுகள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, வழியில் கோழிப் புரியாணி சாப்பிட்டு வந்து சேர்ந்தவர். மற்றவர் பட்ட பாட்டை இப்படி எடுத்துத் தன் மேலங்கியில் குத்திக்கொள்வதை அன்டனால் மட்டும் பொறுக்க முடிவதில்லை.

அன்டனும் அதே டோர்வலில் அதே பெட்டிகளைத் தூக்குகிறவன். ஊர் மன்னார், பேசாலை. பதினொரு வயதில் தகப்பனோடு வள்ளத்தில் ஏறி, இருபத்துமூன்று வரைக்கும் கடலில் கிடந்தவன். அவனுக்குத்தான் நகுலேஸ்வரன் தூண்டில் கட்டப் படிப்பிக்கிறார். கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரன் முடிச்சுப் போடுவதைப் பார்த்து, அதேபோல் மேசை விளக்கின் கீழ் போட்டுக் காட்டுவார். “வடிவாப் பார், அன்டன். ஐஞ்சு சுத்து. ஆறாவது சுத்தினா அறுந்துபோம்.” மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்குகிற கதைதான். முடிச்சு இழுத்தவுடன் அவிழ்ந்துவிடும். அன்டன் நூலை வாங்கித் தன் பாட்டில் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுப்பான். “ஓம், இதைத்தான் நானும் சொன்னனான்” என்று நகுலேஸ்வரன் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

அன்டன் ஏன் பொறுத்துப் போகிறான் என்றால், பதினைந்து வருடத்துக்கு முன் அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர் இவர். அந்த நன்றிக்காக மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டு ஏட்டுச் சுரைக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முதல் வருடம் பயணம் வைத்த நாளில் ஆடி அமாவாசை வந்தது. “அப்பாவுக்கு விரதம். நான் எப்பிடி மீன் பிடிக்கிறது?” என்றார் நகுலேஸ்வரன். நியாயம்தான் என்று அன்டன் தலையாட்டினான். இரண்டாம் வருடம் நல்லூர்த் திருவிழா குறுக்கே நின்றது. யாழ்ப்பாணத்தில் கொடி ஏறினால் இங்கே அந்த வீட்டில் இருபத்தைந்து நாளும் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, எதுவும் வாசல் தாண்டாது. “உனக்கென்ன, நீ வேதக்காரன்” என்று கிறிஸ்தவனான அன்டனைப் பார்த்துச் சிரித்தார். “எங்களுக்கு விரதத்தில சாப்பாடே மீன்தான் அண்ணை” என்று அன்டனும் சிரித்தான். சிரித்துவிட்டுப் போய் அந்த விடுமுறை வாரம் முழுவதும் மனைவி கிறேஸுக்குக் குளியலறைச் சுவர் பூசிக் கொடுத்தான்.

மூன்றாம் வருடம் அவனுக்குச் சிரிக்க இடமில்லை. பெட்டி தூக்கித் தூக்கி வலது தோள் தேய்ந்துபோயிருந்தது. மாசி மாதத்தில் டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் புரட்டாதியில் ஒப்பரேசன் என்று நாள் குறித்தார். அன்டன் அந்த ஞாயிறே வரைபடத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னான். “அண்ணை, வெட்டின பிறகு கை தோளுக்கு மேல எழும்பாதாம். துடுப்புப் போடுறதை மறந்திடு எண்டு சொல்லிப்போட்டார். எனக்கு இந்த வருசம்தான் இருக்கு.”

“அப்ப இந்த முறை கட்டாயம்” என்றார் நகுலேஸ்வரன், கண்கூடக் கலங்கி. “ஆவணி இரண்டாம் கிழமை. லீவை எழுதிக் குடு.”

“கோயில் கீயில் ஒண்டும் வராதே?”

“நான் வடிவாப் பாத்திட்டன்.”

அவர்கள் வேலையிடத்தில் விடுமுறை வாரங்களை மாசியிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் கொடுத்ததுதான். அன்டன் எழுதிக் கொடுத்தான். மூன்றாவது ஆளாக வரவிருந்த கணேசலிங்கம் வைகாசியில் மெல்லக் கழன்றுகொண்டான். ஒருவேளை நகுலேஸ்வரனை அவன்தான் சரியாகப் படித்தவன்.

ஆனி மாதக் கடைசியில், முடிச்சு வகுப்பு முடிந்து கை கழுவக் குசினிக்குள் போன அன்டன், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய கோயில் கலண்டரை எதேச்சையாகப் புரட்டினான். ஆவணி இரண்டாம் கிழமையைச் சுற்றி நீலப் பென்சிலில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருந்த ஒவ்வொரு கட்டத்திலும் சின்ன எழுத்தில் நல்லூர்ப் பதினான்காம் திருவிழா, பதினைந்தாம் திருவிழா என்று அச்சடித்திருந்தது. வருடாவருடம் இடம் மாறுகிற திருவிழா அது. பார்க்காமல் குறித்திருந்தால் ஒரு வருடமாவது தப்பியிருக்கும்.

“அண்ணை, இந்த வட்டம் எப்ப போட்டது?”

“தையில.”

“தையில இந்த எழுத்தும் இருந்திருக்குமே.”

நகுலேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து, முதன்முதலாகப் பார்க்கிறவர் போல் பார்த்தார். “அட. நான் கவனிக்கேல்லை. முருகன் விடுறார் இல்லை, அன்டன்.”

போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த யோகராணி கத்தியை வைத்தார். அந்த அம்மா அதிகம் கதைக்கிறவர் அல்ல. “முருகனை இழுக்காதேங்கோ. விரதம் பிடிக்கிறது நான். போன வருசம் பதினோராம் திருவிழாவில வேலையில கோழி திண்டதை உங்கட சேட்டில இருந்த கறை சொன்னது. உங்களுக்கும் சேத்து நான் பிடிக்கிறன், நீங்கள் போயிட்டு வாங்கோ. மீனைத் தொட வேண்டாம். அன்டன் பிடிக்கட்டும், நீங்கள் வள்ளத்தில இருங்கோ.”

வள்ளத்தில இருங்கோ என்றதும் நகுலேஸ்வரனின் முகம் போன போக்கை அன்டன் பார்த்தான். அதுவரைக்கும் அவனிடம் இருந்தது சலிப்பு. அப்போது வந்தது கோபம். பயந்தவன் பயம் என்று சொல்லியிருந்தால் அன்டன் முதல் வருடமே கரையில் ஒரு கதிரை போட்டு உட்கார்த்தி வைத்துவிட்டுப் போயிருப்பான். பயப்படுவது குற்றமில்லை. வெட்டப்போகிற தோள் என்று தெரிந்தும் அதன்மேல் கோயிலைத் தூக்கி வைத்தாரே, அதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. ஆனாலும் “அப்ப சரி அண்ணை, போறம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அதற்குப் பிறகு நகுலேஸ்வரனின் வாயிலிருந்து நாளொரு செய்தி வந்தது. வடக்கே காட்டுத்தீயாம். இல்லையாம், மழையாம். இந்த வருடம் நுளம்புக்கடி அதிகமாம். ஏரி மீனில் பாதரசமாம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பது போல், ஏரிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போய்க்கொண்டிருந்தன. அன்டன் ஒவ்வொன்றுக்கும் “பாப்பம்” என்றான்.

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் அன்டனும் கிறேஸும் வந்து பல்கனியிலிருந்து வள்ளத்தைக் கயிறு கட்டிப் பின்சந்தில் இறக்கினார்கள். அன்டன் இடது கையால் பாரம் தாங்கினான், கிறேஸ் கீழே நின்று பிடித்தாள். நகுலேஸ்வரன் பதினான்கு பை மேலங்கியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மெல்ல, மெல்ல, இடப்பக்கம்” என்று கட்டளை போட்டார். வள்ளம் தரையைத் தொட்டதும், “ஆ” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கயிற்றில் விரல்கூடப் படாமல் இடுப்புப் பிடித்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

விடிய ஐந்து மணிக்கு அன்டன் மேலே ஏறிப் போனான். யோகராணி நீலப் பீப்பாவிலிருந்து அரிசியைக் கொட்டிக் கழுவித் துடைத்து, இடியப்பமும் சம்பலும் பருப்பும் அடைத்து வாசலில் வைத்திருந்தார். அவித்த முட்டையும் ஆறு இருந்தது. திருவிழா நாளில் அந்த வீட்டுக் குசினியில் முட்டை அவிந்திருக்கிறது. “உங்களுக்கும் கிறேஸுக்கும்தான். பக்கத்து வீட்டுச் சட்டியில அவிச்சனான்” என்றார் யோகராணி.

நகுலேஸ்வரன் இடுப்பில் அகலப் பட்டி கட்டி, மேசையோரக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையைத் திருப்பவும் முடியாதாம். “நான் வந்தால் உங்களுக்குத்தான் கரைச்சல். கிறேஸ் வாறாதானே. வள்ளத்தை வடிவாக் கொண்டுவந்து தாங்கோ.”

“ஓம் அண்ணை.”

“அடுத்த வருசம் ரெண்டு பேரும் கட்டாயம் போறம், அன்டன்.”

அன்டன் அவரை ஒருதரம் பார்த்தான். அவருக்கு நினைவில்லாமல் இல்லை. சொல்லிவிட்டுக் கண்ணை ஊறுகாய்ப் போத்தலுக்குத் திருப்பிக்கொண்டாரே, நினைவிருந்ததால்தான். அன்டன் குனிந்து பீப்பாவை இடது தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனான். காரின் கூரையில் சிவப்பு வள்ளம் இருந்தது. முன் ஆசனத்தில் கிறேஸ் உயிர்காப்பு அங்கியை இப்போதே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மாப் எங்க?” என்றாள்.

வரைபடம் மேலே கிடந்தது. அன்டன் மறுபடியும் ஏறினான். கதவு சாத்தியிருக்கவில்லை.

நகுலேஸ்வரன் எழுந்து நின்றிருந்தார். இடுப்புப் பட்டி கதிரையில் தொங்கியது. ஒரு கையில் கைப்பேசி, அதில் அடுத்த வருடத்து நல்லூர்த் திருவிழா அட்டவணை. மேசைக்குக் குறுக்காக முழு உடம்பையும் வளைத்து, தூரத்து மூலையில் உருண்டு கிடந்த நீலப் பென்சிலை எட்டி எடுத்து, நுனியை நாக்கில் தொட்டு, வரைபடத்தின் வெள்ளை ஓரத்தில் அந்த அட்டவணையிலிருந்து தேதி ஒன்றை எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார்.