இடது கையால் எழுதிய ஜெபச் சீட்டு

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கஷ்டத்தில் இருப்பவர்கள் பெயர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டில் அதை எழுதி, ஆலய வாசலில் உள்ள மரப்பெட்டிக்குள் போடலாம். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் அதை வாசிப்பார்கள், எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். பெயர் இல்லை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். ஏற்காடு சின்ன ஊர். ‘மருமகளுக்கு நல்ல புத்தி வர’ என்று வாசித்தால் அத்தனை தலையும் ஒரே பெஞ்சுப் பக்கம் திரும்பும்.

அந்தச் சீட்டுகளை வாசிக்கிறவன் நான். தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். ஆள் வருகை எழுதுவதும் பழம் நிறுப்பதும் வேலை. குடை தொலைந்துபோன அறிவிப்பைக்கூட நான் வாசித்தால் சபை சிரிக்கும் என்று எனக்கு ஒரு பெயர். பாடுபட்டுச் சேர்த்த பெயர். அதுதான் பிற்பாடு என் கழுத்தைப் பிடித்தது.

ஒரு பழ சீசனில், எடை போடும் கொட்டகையில் நின்றிருந்தபோது, காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்தன. மூச்சு பாதி வழி வந்து திரும்பிப் போனது. செத்தேன் என்று நினைத்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். முந்தின வாரம்தான் மேனேஜர் சேற்றில் வழுக்கி விழுந்ததை அதே இடத்தில் நடித்துக் காட்டியிருந்தேன்.

“ஏனுங்க ரைட்டரே, இன்னைக்கு ஆருங்க உழுந்தது?” என்றாள் ஒருத்தி.

சாகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வந்திருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பார்கள்.

சேலத்தில் ஒரு டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, மனசுதான் பயப்படுகிறது என்றார். எனக்குப் பெரிய ஏமாற்றம். இதயக் கோளாறு என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. மனசு என்று யாரிடம் போய்ச் சொல்வது? மனைவியிடம் வாயு என்றேன். அவள் தினமும் பூண்டுப் பால் கொடுத்தாள். அந்த வாடைக்கு மனிதர்கள் விலகினார்கள், பயம் விலகவில்லை.

பஸ்ஸில் வந்தது. சாப்பிடும்போது வந்தது. வராத நேரத்தில், எப்போது வரும் என்று நானே அதற்குக் காத்துக்கொண்டிருந்தேன். ஆலயத்தில்தான் மோசம். நான்கு சுவர், நிறைந்த கூட்டம், முன் வரிசையில் நான். பிரசங்கம் நடக்கும்போதே எழுந்து ஓடிவிடுவேனோ என்று பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தனியாக ஜெபித்தும் பார்த்தேன். இவன் இன்றைக்கு யாரை நடிக்கிறான் என்று கர்த்தரும் வேடிக்கை பார்ப்பதாகவே தோன்றியது.

கடைசியில் சீட்டு எழுதினேன். என் கையெழுத்து எஸ்டேட் முழுக்கத் தெரியும் என்பதால் இடது கையால் எழுதினேன். ‘ஒரு சகோதரனுக்குக் காரணமில்லாத பயம். ஆலயத்தில் உட்கார முடியவில்லை. வெளியே ஓடத் தோன்றுகிறது.’

ஞாயிற்றுக்கிழமை அதை நானே வாசிக்க நேர்ந்தபோது என் எழுத்து எனக்கே புரியவில்லை. திக்கினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். உடனே என் வாய் தன் புத்தியைக் காட்டியது. கோழி பயந்துபோய்க் கிளறின எழுத்து மாதிரி இருக்குதுங்க என்றேன். சபை மொத்தமும் சிரித்தது. என் பயத்துக்கு நானே சிரிப்பு மூட்டிவிட்டு நின்றேன்.

சிரித்து முடித்ததும் தலைகள் திரும்பின. கடைசி பெஞ்சில் வாழவந்தியைச் சேர்ந்த லாரி டிரைவர் ஒருவர் உட்கார்வார். அதிகம் பேசாதவர், என் வயதுதான். எல்லா வாரமும் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து வெளியே போய்விடுவார். பீடி குடிக்கத்தான் போனார். ஆனால் சீட்டில் ‘வெளியே ஓடத் தோன்றுகிறது’ என்று இருந்ததால் சபை ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

அந்த வாரமே அவர் வீட்டுக்கு ஆரஞ்சும் கொய்யாவும் போயின. மாதர் சங்கம் போய்ப் பாடிவிட்டு வந்தது. தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள். போதகர் என்னைக் கூப்பிட்டு, சனிக்கிழமைதோறும் அங்கே போய் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபம் செய்து, மனுஷனைக் கொஞ்சம் சிரிக்கவைத்துவிட்டு வரச் சொன்னார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் “சரிங்கய்யா” என்றேன்.

நோயாளியான நான் பஸ் ஏறி, நன்றாக இருப்பவனுக்கு ஆறுதல் சொல்லப் போனேன். எப்போது மூச்சு முட்டுமோ என்ற அவசரத்தில் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுகிற வேகத்தில் வாசித்தேன். “நொம்ப வெரசா ஓட்டறீங்க” என்று மட்டும் சொன்னார் டிரைவர். தமாஷ் ஒன்றுக்கும் அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை, மேய்ப்பனைப் பற்றிய அந்தச் சங்கீதத்தைத் தொடங்கியவுடன் வந்துவிட்டது. எழுத்துகள் மங்கின. நெஞ்சு தாறுமாறாக ஓடியது. வேதப் புத்தகம் மடியில் நழுவியது. இதையும் நடிப்பு என்றுதான் நினைக்கப்போகிறார் என்று இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார்.

“வண்டி கொதிச்சுப்போச்சுங்க. ஓரங்கட்டுங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம், தானா ஆறும்.”

சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்து, நான் விட்ட இடத்திலிருந்து அவர் வாசிக்க ஆரம்பித்தார். வயது வந்தபின் எழுத்துக் கற்றவர். ஒவ்வொரு எழுத்தின்மேலும் விரலை வைத்து, கூட்டிக் கூட்டித்தான் வாசிக்க முடியும். ஆறே வசனம், ஞாயிறு பள்ளியில் ஒரே மூச்சில் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். அவரோ வசனத்தில் வரும் புல்வெளியில் நின்றார். தண்ணீரோரம் நின்றார். வேறு வழியில்லாமல் என் மூச்சும் அந்த விரலுக்காகக் காத்து நின்றது.

‘பள்ளத்தாக்கு’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டார். ப, ள், பள்ள, என்று வந்து மறுபடி முதலிலிருந்து போனார். அந்த இருட்டுப் பள்ளத்தாக்கில் நான் அவ்வளவு நேரம் இருந்ததே இல்லை. எப்போதும் ஓடிக் கடந்துவிடுவேன். ஓடச் சொல்லி அங்கே எழுதியிருக்கவில்லை. நடப்பதாகத்தான் இருந்தது, கூட ஒருவர் வருவதாகவும் இருந்தது. டிரைவர் எப்படியோ அந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது என் விரல்களில் சூடு திரும்பியிருந்தது.

ஜெபமும் அவரே செய்தார். “ஆண்டவரே, ரைட்டரு பயந்துக்கிட்டிருக்காருங்க. கொஞ்சம் கூட இருங்க.” அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்து, “அந்தச் சீட்டு உங்களுதுங்களா?” என்று கேட்டார். தலையசைத்தேன். கோபிப்பார் என்று பார்த்தேன்.

“அப்ப நாளைக்கு நீங்களே சொல்லிப்போடுங்க. ஊட்டுல ஆரஞ்சு வெக்க எடமில்லீங்க.”

அடுத்த நாள் அறிவிப்புகளை முடித்துவிட்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்தேன். “அன்னைக்கு வாசிச்ச பயத்துச் சீட்டு டிரைவரோடது இல்லீங்க. என்னோடது” என்றேன்.

சிரித்தார்கள். என் வாழ்நாளிலேயே நான் வாங்கிய பெரிய சிரிப்பு அதுதான். அதை வாங்கிக்கொண்டு அப்படியே போய் உட்கார்ந்திருக்கலாம். கால்கள் வாசல் பக்கம் இழுத்தன. மேசையைப் பிடித்துக்கொண்டேன். என் கை நடுங்கி, அடியிலிருந்த காகிதம் மைக்கில் சடசடத்தது. அதைக் கேட்டுச் சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக அடங்கியது.

போதகர் எழுந்து வந்தார். என்ன வேணும்னு ஜெபிக்கட்டும் என்று மெதுவாகக் கேட்டார்.

“ஓடாம நிக்கோணுமுங்கய்யா.”

எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் கண்ணை மூடவில்லை. வழுக்கையும் கொண்டையும் முக்காடுமாக அத்தனை தலைகள் எனக்காகக் குனிந்திருந்தன, ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. போதகர் நிதானமாக ஜெபித்தார். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆமென் சொல்லும்வரை அங்கேயே நின்றேன்.