தாழ்ப்பாளைக் கழற்றிய பிறகு

எர்ணாவூரில் எங்கள் வீட்டு வாசலில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் ஒரு வஞ்சிரத் துண்டைத் திருப்பிப் போட்டது வரை ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். புடவை நனைந்திருந்தது. வலது கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். இடது கை முழங்கை வரை எண்ணெயில் வெந்துபோயிருந்தது. சுற்றி நின்றவர்கள் பாதிப் பேர் என்னிடம் தினமும் மீன் வாங்குகிறவர்கள்.

பெரியாஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டு, தலையை ஸ்கேன் எடுத்தார்கள்.

"முதல் தடவை வலிப்பு வந்ததுமே எல்லாருக்கும் மாத்திரை குடுக்க மாட்டோம்மா. உங்களுக்கு மூளையில ஒரு பழைய தழும்பு இருக்கு. திரும்ப வரலாம். மாத்திரையை நிறுத்தவே கூடாது" என்றார் டாக்டரம்மா. அடுப்புப் பக்கம் போகக் கூடாது, தாழ் போட்டுக் குளிக்கக் கூடாது என்றும் சொன்னார்.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், அன்றே குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு அவரே வாணலி முன்னால் நின்றார். பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "இத்த உன் பொண்டாட்டி தொட்டாளா?" என்று கேட்டாள்.

"வலிப்பு இன்னா ஒட்டிக்கிற நோயா?" என்று கத்தி, பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். அதன் பிறகு ஆள் வருவது குறைந்தது. கடையை மூடினோம்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "திரும்ப வந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லம்மா, நல்லா கீது" என்றார் இவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நல்லா இல்லம்மா. பகலெல்லாம் தூக்கமா வருது. பேசிக்கினு இருக்கும்போதே வார்த்த மறந்துபூடுது. கக்கூஸுக்குப் போனாக்கூட கதவச் சாத்த வுடாம இவரு வெளியில நிக்கிறாரு."

"நான் நிக்காம வேற யாரு நிப்பாங்கமே?" என்றார் இவர். குரல் உடைந்துவிட்டது.

டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். கதவைச் சாத்திக்கொள்ளலாம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இருந்தால் போதும் என்றார்.

இப்போது தூக்கம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால், "இன்னாமே?" என்று வெளியிலிருந்து குரல் வரும். "இங்கதான் கீறேன்" என்பேன். போன வாரம் முகத்தில் சோப்பு இருந்ததால் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நான் நிற்பதைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் ஈரத்தோடு அப்படியே நின்றேன். அவரை வெளியே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.