வல்லை வெளியில் தின்ற பணியாரம்

கரவெட்டியிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து கட்டை, அதாவது பதினைந்து மைல். சனிக்கிழமை தவறாமல் சைக்கிளில் போய்வந்தேன். இரண்டாம் உலகச் சண்டைக்காலம். புது டயர் கண்ணாலும் காணக் கிடையாது. கிழிந்த பின்டயருக்குள் இன்னொரு டயரின் துண்டை வைத்துத் தைத்திருந்தேன். அந்தத் தையல் நிலத்தில் படும்போதெல்லாம் இருக்கை என்னை ஒரு தூக்குத் தூக்கிப் போடும். கடைக்காரனைத் திட்டுவேன், ரோட்டைத் திட்டுவேன், சண்டை பிடிக்கிற ராசாக்களையும் திட்டுவேன். திட்டாமல் போன சனிக்கிழமை ஒன்றுகூட நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தது என் தங்கச்சி. பத்தொன்பது வயது. காசநோய். ஐயா முன்னமே காலமாகிவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அவ்வளவு தூரம் போய்வர அம்மாவால் ஏலாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா பயற்றம் பணியாரம் செய்வார். வறுத்து அரைத்த பயற்றம் மாவில் தேங்காய்ப்பூவைச் சேர்த்து, பாகு விட்டுப் பிசைந்து உருட்டி, அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பார். சீனிக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்துவிட்டதால் பாகு பனங்கட்டிப் பாகுதான். மேல்தோல் இறுகி இருப்பதால் கல்லு ரோட்டில் எவ்வளவு குலுங்கினாலும் உடையாது. நான் அவசரப்பட்டு அள்ளப் போனால் கையில் ஒன்று போடுவார்.

"ஆற முன்னம் மூடினா வேர்த்துப் பழுதாப்போம். பொறு மோனை."

ஆறியபின் வாழைச்சருகு விரித்து அடுக்குவார். பொரித்த பண்டம் வழியில் ஆளில்லாத வல்லை வெளியைத் தாண்டிப் போவதால் பேய் பிசாசு அண்டாதிருக்க மூலையில் ஒரு கரித்துண்டு வைப்பார். இவ்வளவும் தங்கச்சிக்கு. எனக்கு ஒரு துணி முடிச்சில், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் நாலு தேங்காய்ச் சொட்டும். பதினைந்து கட்டை மிதிக்கிறவனுக்குப் புழுக்கொடியல், கட்டிலில் கிடக்கிறவளுக்குப் பணியாரம். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

பணியாரம் வைப்பது பனையோலை மூடல்பெட்டியில். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒன்று இழைக்க வேண்டும். நோயாளரின் விறாந்தைக்குள் போன எதுவும் வெளியே வரக்கூடாது, எரித்துவிடுவார்கள் என்பது அங்கே சட்டம். அது ஊருக்கும் தெரியும். அம்மா புதன்கிழமையே குருத்தோலையை வார்ந்து வைத்துவிடுவார்.

முதல் இரண்டு பெட்டிகளும் உள்ளே போயின. மூன்றாம் முறை நான் யன்னல் கம்பிக்கு வெளியே நின்றபோது தங்கச்சி கைகாட்டி மறித்தாள். குரல் கம்மிப்போயிருந்தது.

"அண்ணை, இனி உதைக் கொண்டு வராதேங்கோ. தொண்டையாலை இறங்குதில்லை. காகத்துக்குத்தான் போடுறன்."

"அம்மாட்டை என்னண்டு சொல்லுறது?"

"தின்னுறன் எண்டு சொல்லுங்கோ. போகேக்கை நீங்கள் தின்னுங்கோ. புழுக்கொடியல் சப்பிற வாய்க்கு ஒரு மாறுதலாயும் இருக்கும். பெட்டியை எங்கையும் எறிஞ்சுபோடுங்கோ."

அன்றைக்கே தொடங்கியது. பெட்டி சைக்கிளோடு வாசலிலேயே நிற்கும். திரும்பி வரும்போது வல்லைப் பாலத்தடியில் இறங்கி, பணியாரத்தைத் தின்று, பெட்டியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

"தின்னவளோ?"

"ஓம். நாலு தின்னவள்."

"முகம் எப்பிடிக் கிடக்கு?"

"கொஞ்சம் தெளிஞ்சிருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். அம்மாவின் முகம் மலரும். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் ஐந்து கூடச் செய்வார். "தின்னத் தொடங்கினாள் எண்டால் எழும்பியிடுவாள்" என்று பக்கத்து வீட்டுக்கும் சொன்னார். மூன்று மாதம் போயிற்று. தங்கச்சி எலும்பும் தோலுமானாள். எனக்குக் கன்னத்தில் சதை வைத்தது. அம்மா அந்த வீட்டில் உயிரோடு நடமாடியது என் பொய்யில்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால் விடாமல் தின்றேன்.

ஒரு சனிக்கிழமை பாலத்தடியில் கடைசிப் பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தேன். அங்கே வழமையாக வலை வீசுகிற ஒருவர் கிட்ட வந்தார்.

"தம்பி, சனிக்குச் சனி உதிலை இருந்து பணியாரம் தின்னுறீர். எந்த ஊரிலை உவ்வளவு கலியாணம்?"

பகிடிக்குத்தான் கேட்டார். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "உமக்கேன் விடுப்பு விசாரணை? உம்மடை வலையைப் பாரும்" என்று சீறிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். அந்த ஆத்திரத்தில் பெட்டியை மூடிக் கரியரில் திரும்பக் கட்டியது எனக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் கிணற்றில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பது. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். முழுகி வந்து பார்த்தால், அம்மா சைக்கிளடியில் நிற்கிறார். இடது கையில் பெட்டி. வலது கையில் கரித்துண்டு.

"உள்ளுக்கை போனதோ?" என்று கேட்டார்.

"ஓம், மறந்து திரும்பக் கொண்டு வந்திட்டன்" என்று சொல்லியிருந்தால் போதும். என்னை இரண்டு ஏச்சு ஏசிவிட்டுப் பெட்டியை அடுப்பில் போட்டிருப்பார், தங்கச்சி தின்கிறாள் என்று நம்பிக்கொண்டே இருந்திருப்பார். சனிக்கு நாலு பொய் சொன்ன வாய்க்கு அந்த ஒரு பொய் வரவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன். படுபாவி, என்ன மனுசன் நான்.

அம்மா கரித்துண்டைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். "தலையைத் துவட்டு மோனை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். அடுப்பில் கொள்ளி எரிந்தது. பெட்டி எரியவில்லை.

அந்தப் புதன்கிழமை அம்மா ஓலை வாரவில்லை. வெள்ளிக்கிழமை பயறு வறுத்தார், பாகு காய்ச்சினார், பொரித்தார், ஆற வைத்தார். சனிக்கிழமை காலையில் கரியரில் கட்டித் தந்தது அதே பழைய பெட்டி. புழுக்கொடியல் முடிச்சைக் காணவில்லை.

"எணை, உந்தப் பெட்டியோ?" என்றேன்.

"இது காணும். போகேக்கையே தின்னு மோனை. சோளகக் காத்து எதிர்க்க வீசுது."

போகும் வழியில் வல்லைப் பாலத்தடியில் இருந்து தின்றேன். வலைக்காரர் தூரத்தில் நின்றார், கிட்ட வரவில்லை. பணியாரம் எப்போதும்போல் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தங்கச்சி அன்று எழும்பி இருக்கவில்லை. கட்டிலை யன்னலோடு தள்ளிவிட்டிருந்தார்கள். வழமையாகக் கேட்பதைக் கேட்டாள்.

"அம்மா என்ன செய்தவ?"

"பயற்றம் பணியாரம்."

"வல்லையிலை இருந்து தின்னுங்கோ. நல்லாத் தின்னுங்கோ."

"வரேக்கையே தின்னச் சொன்னவ. தின்னிட்டன்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

யன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பினாள்.

"அப்ப அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள்.

நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள்.

பெட்டியை நான் எறியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் கையில் கொடுத்தேன். இன்னும் மூன்று சனிக்கிழமைகள் அது போய்வந்தது. நாலாவது கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வந்தது. அந்த வெள்ளிக்கிழமை அம்மா பயறு வறுக்கவில்லை.